மறு: ஒரே ஆய்வு, இரண்டு வாசகர்கள்

கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் பயன்படுத்துவது பற்றிய ஆய்விலுள்ள "ஆபத்து 50% கூடுகிறது" என்ற வரியை மருத்துவர்களுக்கான சுருக்கத்திலும் கர்ப்பிணிகளுக்கான துண்டறிக்கையிலும் அப்படியே போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். துண்டறிக்கையில் வேண்டாம். 1000 பேரில் 4 என்பது 6 ஆனாலும் 50%தான். அந்த எண்களையே எழுதுங்கள். மருத்துவர்களுக்கு நம்பக இடைவெளி (உண்மையான அளவு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்பு) வேண்டும். புகைப்பழக்கம், வறுமை போன்றவற்றின் தாக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்களா, போதைப் பயன்பாட்டைத் தாயிடம் கேட்டு அறிந்தார்களா, சிறுநீர்ப் பரிசோதனையிலா என்பதும் வேண்டும்.

"போதைக்கு அடிமையான குழந்தை" என்று எங்குமே எழுதாதீர்கள். பிறந்த குழந்தைக்கு வருவது விலகல் அறிகுறிதான், அதாவது தாய் வழியாக வந்த பொருள் நின்றதால் உடலில் தோன்றும் அறிகுறி. பழிச்சொல்லுக்குப் பயந்தே கர்ப்பிணிகள் பலர் மருத்துவப் பரிசோதனைக்கு வராமல் ஒதுங்குகிறார்கள்.

ஆய்வு ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) பற்றியதென்றால், தயவுசெய்து "உடனே நிறுத்துங்கள்" என்று அச்சிட வேண்டாம். திடீரென நிறுத்துபவர்கள் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பும் ஆபத்து அதிகம். அதற்குப் பதிலாக மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்ஃபின் மருந்துச் சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது. "மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள்" என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.