முக்கூடலிலிருந்து மேற்படிப்புக்கு

அன்புள்ள அக்கா,

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். பாளையங்கோட்டையில் பொருளியல் முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். பன்னாட்டு வளர்ச்சியியலில் முதுகலை படிக்க ஆசை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஓராண்டுப் படிப்பு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள் தோழிகள். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். 1000 பீடிக்கென்று கடையில் தரும் இலை 1000 பீடிக்குக் காணாது. மிச்சத்துக்குக் கைக்காசில் இலை வாங்குவார். விண்ணப்பக் கட்டுரையில் இதை எழுதலாமா, இல்லை உலக வறுமை, ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகள் என்றுதான் எழுத வேண்டுமா? எங்கே சேருவது?

ம., முக்கூடல்

அன்புள்ள ம.,

இலையைத்தான் எழுத வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது 1966இல். வளர்ச்சியியல் என்றதும் எல்லோரும் சொல்கிற, இங்கிலாந்தின் சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் தொடங்கியதும் அதே 1966இல்தான். இத்தனை ஆண்டு கழித்தும் உங்கள் அம்மா ஏன் கைக்காசில் இலை வாங்குகிறார்? கூலி, சட்டம், கம்பெனிக் கணக்கு, வீட்டுக்குள் நடப்பதால் யார் கண்ணிலும் படாத உழைப்பு, எல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. ஐ.நா. இலக்குகளை எல்லா விண்ணப்பத்திலும் எழுதுவார்கள். சொளகை மடியில் வைத்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான் இதை எழுத முடியும்.

நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களில் கணக்கெடுக்க வைத்தார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்று நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான். 1930களில் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு மறுபடி ஆய்வாளர்கள் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் கங்கைகொண்டானுக்கு வந்தார்கள். இன்று அந்த ஊரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்களின் கொள்ளுத்தாத்தா என்ன கூலி வாங்கினார் என்பதற்கு எழுத்தில் கணக்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்.

ஆகவே எந்தப் படிப்பானாலும் நான் முதலில் பார்ப்பது, அது உங்களை இப்படி ஊருக்குள் இறக்கிவிடுமா என்பதைத்தான். பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாடத்திட்டத்தை வாசியுங்கள். ஆய்வு முறைகள் கட்டாயப் பாடமா? ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம்? முக்கூடலுக்கு வந்து களப்பணி செய்ய விடுவார்களா? இங்கிலாந்தின் ஓராண்டுப் படிப்பில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும், வசந்தத்தோடு வகுப்புகள் முடியும், கோடையில் ஆய்வேடு. களத்துக்கு நேரம் மிகக் குறைவு. பலரும் பிறர் திரட்டிய தரவுகளை வைத்து நூலகத்திலேயே எழுதி முடிக்கிறார்கள். பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு. களப்பணி படிப்பிலேயே சேர்ந்தது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவியும் தருகிறார்கள். திருவனந்தபுரத்தில் பொருளியலாளர் கே.என். ராஜ் முன்னின்று 1970இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் நமக்கு நாகர்கோவில் தாண்டினால் வந்துவிடும். வருமானம் குறைந்த கேரளம் கல்வியிலும் உடல்நலத்திலும் எப்படி முன்னே போனது என்பதை உலகம் பேசத் தொடங்கியது, அந்த மையம் ஐ.நா.வுக்காகச் செய்து 1975இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகுதான். ஆனால் அங்கே பொருளியல்தான் மையம், கணிதத்துக்கு அஞ்சாதவர்களுக்கு ஏற்ற இடம்.

வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் துறையில் வேலை தருகிற பணம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. பிரிட்டனும் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. படித்து முடித்த கையோடு லட்சக்கணக்கில் கடனை அடைக்கும் சம்பளம் கிடைக்கும் என்று நம்பி, பீடி சுற்றிக் கட்டிய வீட்டைப் பணயம் வைப்பது சரியில்லை. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இங்கிலாந்துதான் என்று மனம் நின்றால், பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. முழுச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அதற்கு 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். உங்களுக்கு இன்னும் 16 மாதம் பாக்கி. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும், உதவித்தொகையும் உள்ள எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளையும் பாருங்கள். கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று இன்றே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் பெங்களூருக்கு இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள் என்பேன்.

அதற்கு முன் ஒரு வேலை. கடையிலிருந்து அம்மா இலை வாங்கி வரும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை கிராம் நிறுத்துத் தந்தார்கள், வெட்டியதில் எவ்வளவு கழிந்தது, எத்தனை பீடி தேறியது, கைக்காசு எவ்வளவு போனது என்று ஒரு மாதத்துக்கு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு கட்டுரையை எழுதி எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.