ஸ்காபரோவில் கடை வாங்கிய தம்பிக்கு: எந்த லோயரிடம், எப்போது போவது

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. 14 மாதத்துக்கு முன் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த சாப்பாட்டுக் கடையை எங்கள் ஆள் ஒருவரிடம் வாங்கினீர்கள். வோக்-இன் கூலர் என்கிற குளிர் அறையும் அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்டும் நன்றாக வேலை செய்கின்றன என்று அவர் சொன்னார், ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதம் போகவில்லை, இரண்டையும் மாற்ற வேண்டி வந்து 38,000 டொலர் செலவாகிவிட்டது. இப்போது அவர் போன் எடுப்பதில்லை. கடையை வாடகைக்குத் தந்த கட்டடக்காரரும் கை விரித்துவிட்டார். "அனுபவமுள்ள லோயரைப் பிடி என்று எல்லாரும் சொல்லுகினம். அனுபவம் என்றால் எதைப் பார்ப்பது? செலவு எவ்வளவு முடியும்? அதுவரைக்கும் வாடகையை நிப்பாட்டி வைக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். வாடகையை நிறுத்தாதீர்கள். நீங்கள் பேஸ்மென்ட் வாடகைக்கு இருந்தபோது கேள்விப்பட்ட சட்டமும் கடைச் சட்டமும் ஒன்றல்ல. வீட்டுக்காரர் உங்களை வீட்டை விட்டு எழுப்புவதென்றால், வீட்டு வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்டுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். கடைக்கு அந்தப் போர்ட் கிடையாது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் கடை வாடகை 15 நாள் நிலுவையில் நின்றால், லீஸ் என்கிற வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், 16ஆம் நாள் கட்டடக்காரர் பூட்டை மாற்றலாம். கோர்ட் உத்தரவு தேவையில்லை. காலையில் இடியப்பம் அவிக்கப் போகிறவர் பூட்டிய கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை வாசித்துக்கொண்டு நிற்பார். அப்படி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் சண்டை விற்றவரோடு. கட்டடக்காரரோடு இன்னொரு சண்டையைத் தொடங்கி, இருக்கிற கடையையும் விட்டுவிடாதீர்கள்.

இனி லோயர் விடயம். ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காணி உறுதி எழுதிய நொத்தாரிசுதான் குடும்பத்துக்கே சட்டம் தெரிந்த மனிதர், எல்லாவற்றுக்கும் அவரிடமே ஓடுவோம். இங்கே வந்தும் அதையே செய்கிறோம். வீடு வாங்கிக் கொடுத்தவர், அகதிக் கோரிக்கை செய்தவர், அம்மாவை ஸ்பொன்சர் பண்ணியவர் என்று ஏற்கனவே முகம் தெரிந்தவரிடம் போய் நிற்போம். நானும் அப்படித்தான் போனேன்.

2012இல் நான் பலசரக்கு மொத்தமாக இறக்கி சின்னக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர் எனக்கு 31,000 டொலர் தரவேண்டும். அந்த வருடம் செப்டெம்பரில் அவர் கொடுத்த காசோலைகள் திரும்பின, பிறகு தரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். எனக்கு வீடு வாங்கித் தந்த லோயரிடம் போனேன். நல்ல மனிதர், வீட்டு வேலையில் ஒரு பிழை கண்டதில்லை. இரண்டு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம், சுப்பீரியர் கோர்ட்டில் போட வேண்டி வரும், செலவு கூட" என்பார். அது பெரிய தொகை வழக்குகளைப் பார்க்கும் கோர்ட். இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது.

2014 மே மாதம் ஒரு சினேகிதர் சொல்லி இன்னொரு லோயரிடம் போனேன். அவர் வியாபாரத் தகராறு மட்டுமே பார்க்கிற ஒரு பெண். ஒரு பிஸ்கட் டின் நிறைய பில்களைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். அவர் பில்களைத் தொடவில்லை. மஞ்சள் கொப்பி ஒன்றை எடுத்து நடுவே நீளமாக ஒரு கோடு கீறினார். "காசு வராது என்று உங்களுக்கு முதல் தெரிந்த நாள் எது?" என்று கேட்டார். நான் யோசித்துச் சொன்ன நாளைக் கோட்டில் குறித்தார். அதிலிருந்து இரண்டு வருடம் எண்ணி இன்னொரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டார். "உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது" என்றார். எனக்குக் கை குளிர்ந்துபோனது. அப்படி ஒரு கெடு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒன்ராறியோவில் பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு, நட்டம் ஏற்பட்டதும் அதற்கு யார் காரணம் என்பதும் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டு வருடம்தான் கெடு. கடிதம் எழுதினால், போனில் கதைத்தால் அது நின்றுவிடாது. கெடு தாண்டினால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு நிலைக்காது. உங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் போய்விட்டது.

அந்தப் பெண் லோயர் செய்த இரண்டாவது காரியத்தைத்தான் நான் அனுபவம் என்று சொல்வேன். சின்னத் தொகை வழக்குகளைப் பார்ப்பது ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட், அந்தக் காலத்தில் அங்கே கேட்கக்கூடிய தொகையின் எல்லை 25,000 டொலர். என்னுடையது 31,000. "6,000ஐ விட்டுவிடுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, என் காசை நான் ஏன் விட வேண்டும் என்று. அவர் கோபிக்காமல் கணக்குப் போட்டுக் காட்டினார். சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போனால் ஆவணப் பரிமாற்றம், சத்தியம் செய்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விசாரணை என்று ஒவ்வொரு படியிலும் போகும் காசு அந்த 6,000ஐ விடப் பல மடங்கு. ஸ்மோல் கிளெய்ம்ஸில் போட்டோம். செட்டில்மென்ட் கொன்பரன்ஸ் அன்று ஒரு சிறிய அறையில் நீதிபதி இரண்டு பக்கத்தையும் இருத்தி வைத்துக் கதைத்தார். பொருளை இறக்கும்போது அந்தக் கடையில் நின்ற பையன் வைத்த கையெழுத்துகள் என் பில்களில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகு எதிர்ப்பக்கம் இறங்கி வந்தது. மாதம் 1,500 வீதம் 13 மாதம், மொத்தம் 19,500. ஒரு மாதம் தவறினால் 25,000க்கும் தீர்ப்பு எடுக்கலாம் என்றும் எழுதிக்கொண்டோம். ஒரு மாதமும் தவறவில்லை. லோயருக்கு எனக்கு முடிந்தது 4,200 டொலர்.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், 2025 ஒக்டோபர் 1இலிருந்து அந்த எல்லை 50,000 டொலர். உங்கள் 38,000 முழுவதும் அதற்குள் அடங்கும், ஒன்றையும் விட வேண்டியதில்லை. அந்தக் கோர்ட்டில் பராலீகலும், அதாவது லோயர் அல்லாத சட்டப் பணியாளரும், உங்களுக்காக நிற்கலாம். அவர்களும் லோயர்களுக்கு அனுமதி கொடுக்கும் லோ சொசைட்டியின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள்தான், செலவும் பொதுவாகக் குறைவு. காசு தராத எளிய வழக்கு என்றால் நானே பராலீகலைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுடையது கடை விற்பனை ஒப்பந்தம், அதில் கொடுத்த உறுதிமொழி, அது பொய்யா என்ற கேள்வி. ஒப்பந்த வாசகத்தை வைத்து வாதாட வேண்டும். அதனால் வியாபார வழக்குப் பார்க்கும் லோயரிடம் ஒரு தரமாவது இருந்து கதையுங்கள். முழு வழக்கையும் அவரிடம் கொடுக்க வேண்டும் என்றில்லை. வழக்கு மனுவை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம், அப்படி ஒரு பகுதி வேலைக்கு மட்டும் அமர்த்துவது இங்கே அனுமதிக்கப்பட்டது.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? லோ சொசைட்டி ஒவ் ஒன்ராறியோவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் அவருக்கு அனுமதி இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்ததா என்று காட்டும். யார் பெயர் சொன்னாலும் அதை முதலில் பாருங்கள். அதே சொசைட்டிக்கு ஒரு அறிமுகச் சேவையும் உண்டு. அதன் வழியாகப் போனால் அரை மணி நேரம் வரை இலவசமாகக் கதைக்கலாம். விளம்பரப் பலகையில் "நோட்டரி" என்று போட்டிருப்பதை வைத்து அவரை லோயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் சந்திப்பில் அவர் எவ்வளவு தூரம் உங்களைக் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். கேட்காமலே "கட்டாயம் வெல்லலாம்" என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. கடை வாங்கல் விற்றல் தகராறு கடைசியாக எப்போது செய்தார், அது எப்படி முடிந்தது என்று கேளுங்கள். வேலையை அவரே செய்வாரா, ஜூனியரா என்று கேளுங்கள். செட்டில்மென்ட் கொன்பரன்ஸ் வரைக்கும் எவ்வளவு, விசாரணை வரைக்கும் போனால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நாங்கள் நினைப்போம். இங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை.

காசைப் பற்றி. பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் பில் போடுவார்கள், அதுவும் ஆறு ஆறு நிமிடமாக வெட்டி. இரண்டு நிமிடம் போனில் கதைத்தாலும் ஆறு நிமிடக் காசு, அதற்கு மேல் 13% எச்.எஸ்.டி. விற்பனை வரி. அதனால் நாளுக்கு ஐந்து குறுஞ்செய்தி அனுப்பாமல், கேட்க வேண்டியதை எழுதி வைத்துக் கிழமைக்கு ஒரு ஈமெயிலாக அனுப்புங்கள். ரிட்டெய்னர் என்று முன்பணம் கேட்பார்கள். அது உங்கள் காசாகவே ட்ரஸ்ட் கணக்கு என்ற தனிக் கணக்கில் இருக்கும், வேலை செய்து பில் போட்ட பிறகுதான் அதிலிருந்து எடுக்கலாம். பில் அநியாயமாகத் தெரிந்தால் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் அதை மதிப்பிடக் கேட்கும் உரிமை உண்டு. வென்றால் லோயர் செலவு முழுவதையும் எதிர்ப்பக்கம் தரும் என்று நினைக்க வேண்டாம். ஸ்மோல் கிளெய்ம்ஸில் அது பொதுவாகக் கேட்ட தொகையின் 15% வரைதான், உங்கள் வழக்கில் 5,700 டொலர். தோற்றால் அந்தப் பக்கத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டி வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் மனதைக் குடைகிறது. கடை கைமாறும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே லோயர்தான் பார்த்தார், விற்றவர்தான் அவரை அறிமுகப்படுத்தினார் என்று. அந்த லோயரிடம் இப்போது போகாதீர்கள். இரண்டு பேருக்கும் வேலை செய்தவர் இருவருக்கும் இடையில் வந்த வழக்கில் ஒரு பக்கம் நிற்க முடியாது. அவரே சாட்சியாகவும் வரக்கூடும். உங்கள் கோப்பின் பிரதியை மட்டும் ஈமெயிலில் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாரா என்பதைப் புது லோயர் பார்க்கட்டும்.

தமிழ் லோயரா, வேறு ஆளா என்றும் கேட்டிருந்தீர்கள். கூலரைப் பற்றி விற்றவர் தமிழில் என்ன சொன்னார், நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள் என்பது முக்கியமான இடத்தில் தமிழ் தெரிந்தவர் பெரிய உதவி. வட்ஸ்அப்பில் விற்றவர் அனுப்பிய குரல் செய்திகளை அந்த லோயர் நேரடியாகக் கேட்பார். ஆனால் எங்கள் சமூகம் சின்னது, விற்றவருக்கும் அவர் முன்பு வேலை செய்திருக்கலாம். விபரம் சொல்லத் தொடங்கும் முன் எதிர்ப்பக்கத்தின் பெயரைச் சொல்லி, வழக்கை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் விற்றவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? பெரும்பாலும் ஒரு எண் கம்பனி, அதாவது பெயருக்குப் பதிலாக எண்ணில் பதிந்த கம்பனி, இருக்கும். கடையை விற்ற பிறகு அந்தக் கம்பனிக்குள் ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் வெல்லும் தீர்ப்பு வெறும் காகிதம். விற்றவர் தனிப்பட்ட முறையில் பொய் சொன்னார் என்று அவரையும் சேர்க்க முடியுமா, அவர் பெயரில் வீடு இருக்கிறதா என்பதை வழக்குப் போடுவதற்கு முன்பே தேடிப் பார்க்கிறவர்தான் எனக்கு அனுபவசாலி. வென்ற பிறகு கோர்ட் தானாகப் போய்க் காசு பிடித்துத் தராது. வங்கிக் கணக்கை, சம்பளத்தை மறிப்பதற்கும் வீட்டின் மேல் ரிட், அதாவது அதை விற்றுக் காசு எடுப்பதற்கான ஆணை, போடுவதற்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அதுவரைக்கும் விற்றவருக்குக் கோபமாக எதுவும் எழுதாதீர்கள். முகநூலில் கள்ளன் என்று போட்டால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். "காசு தராவிட்டால் பொலிசுக்குப் போவேன்" என்றும் எழுத வேண்டாம், அதை மிரட்டிப் பணம் கேட்டதாக எடுக்க இடம் இருக்கிறது. பழைய கூலர் பாகங்களை இன்னும் எறியவில்லை என்றால் வைத்திருங்கள், எறிந்திருந்தால் படங்களைத் தேடுங்கள்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, எனக்கு அந்தப் பெண் கீறியது போல ஒரு கோடு கீறுங்கள். கூலர் திருத்த வந்தவர் "இது பழைய பழுது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவருடைய முதல் பில்லில் என்ன திகதி என்று பாருங்கள். அதைக் கோட்டில் குறித்துக்கொண்டு இந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு லோயரைக் கூப்பிடுங்கள்.