பைதனிலிருந்து சி மொழிக்குப் போகும் வழியில் ஈச்சிலம்பற்று எங்கே உடைகிறது?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். திருகோணமலையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு வாடிக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். நிறை, விலை, கொமிஷன் கணக்கெல்லாம் பழைய சி நிரலில் இருக்கிறது. அதை 64-பிட் விண்டோஸ் டிஎல்எல் (மற்ற நிரல்கள் அழைக்கக்கூடிய நூலகக் கோப்பு) ஆக்கி, திரையை மட்டும் பைதனில் எழுதி, பைதனிலிருந்து சி செயல்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் மூலம் இணைத்தேன். முதலில் ஆங்கிலப் படகுப் பெயர்களில் முதல் எழுத்து மட்டும்தான் பதிந்தது. தமிழ்ப் பெயர்கள் குப்பையாகப் பதிந்தன. யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) மாற்றி அனுப்பியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் ஈச்சிலம்பற்று என்று ஊர் போட்டால் திரும்பி வரும்போது பிழை. திருகோணமலை என்று ஒரு கணினியில் அடித்தால் சரி, பக்கத்துக் கணினியில் அடித்தால் பிழை. சி பக்கத்தில் ஊர்ப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருக்கிறது. அதோடு மத்தியானத்துக்குள் மென்பொருள் நினைவகத்தை விழுங்கி வீங்குகிறது. சில நாள் தானாகவே மூடிக்கொள்கிறது. எங்கே கை வைப்பது?

பதில்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் மூன்று கோளாறுகள் இவை. பைதனில் ஸ்டிரிங் என்றால் தன் நீளம் தனக்கே தெரிந்த ஒரு பொருள். சி மொழியில் அது வெறும் முகவரி: அங்கிருந்து படித்துக்கொண்டே போ, பூச்சிய பைட் வந்தால் நில், அவ்வளவுதான். எல்லை தாண்டும்போது அந்த முகவரி மட்டுமே போகிறது. பைட்டுகள் எந்தக் குறியாக்கத்தில் இருக்கின்றன, எங்கே முடிகின்றன, அந்த இடம் யாருடையது என்பதெல்லாம் கூடவே போவதில்லை. இரண்டு பக்கமும் அதை நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும்.

முதல் கோளாறு தீர்ந்துவிட்டது. இருந்தாலும் காரணம் தெரிந்தால் அடுத்த முறை பார்த்தவுடன் பிடிபடும். சிடைப்ஸில் ஆர்க்டைப்ஸ் (சி செயலுக்குக் கொடுப்பவற்றின் வகை) சொல்லாமல் பைதன் ஸ்டிரிங்கை அப்படியே கொடுத்தால் அது அகல எழுத்தாகப் போகும். விண்டோஸில் எழுத்துக்கு 2 பைட், லினக்ஸில் 4. ஆங்கில எழுத்தின் இரண்டாவது பைட் பூச்சியம். அதனால் முதல் எழுத்தோடு சி நின்றுவிட்டது. தமிழ்க் குறிகளில் அந்த இடத்தில் பூச்சியம் கிடையாது என்பதால் முதல் இடைவெளி வரும்வரை குப்பையைப் படித்துக்கொண்டே போயிருக்கும். ஆர்க்டைப்ஸைக் கட்டாயம் எழுதி வையுங்கள். அப்போது தவறான வகையைக் கொடுத்தால் பைதனே அந்த இடத்தில் சத்தம் போடும்.

இனி ஈச்சிலம்பற்று. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். உயிர்மெய் கண்ணுக்கு ஒரே எழுத்துத்தான். உள்ளே மெய் ஒரு குறி, கொம்போ சுழியோ இன்னொரு குறி. புள்ளியும் தனிக் குறி. அப்படி எண்ணினால் ஈச்சிலம்பற்று 13 குறி, 39 பைட். உங்கள் 32 பைட்டில் கடைசி ஒன்று பூச்சியத்துக்குப் போக மிச்சம் 31. அதில் 10 குறி முழுதாக ஏறும், 11ஆவது குறியின் முதல் பைட் மட்டும் தொத்திக்கொள்ளும். பைதன் வாசிக்கும்போது ‘ஈச்சிலம்பற’ வரை வந்து, அரைகுறை பைட்டில் இடறிப் பிழை சொல்கிறது.

திருகோணமலை இன்னும் சுவாரசியம். 10 குறி, 30 பைட், பூச்சியத்தோடு 31. மயிரிழையில் இடம் போதும். ஆனால் ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. சில விசைப்பலகைகளும் எழுத்துரு மாற்றிகளும் இரண்டாம் வகையைத் தருகின்றன. அப்போது 11 குறி, 33 பைட், வால் அறுந்துவிடும். பக்கத்துக் கணினியில் அடித்ததை பைதனில் நீளத்தை எண்ணும் லென் கொடுத்துப் பாருங்கள், 11 என்று வரும் என்று நினைக்கிறேன். இந்த இரட்டை வடிவம் தேடலையும் கெடுக்கும்: ஒரே ஊர் இரண்டு ஊராகப் பதிந்து, மாதக் கணக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே தட்டச்சு உள்ளே வரும் வாசலிலேயே யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயலால், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிழை வராமல் இருக்க, டிகோட் செய்யும்போது (பைட்டை எழுத்தாக மாற்றும்போது) பிழையைக் கண்டுகொள்ளாத இக்னோர் போட்டுவிடலாம் என்று இணையத்தில் சொல்வார்கள். செய்யாதீர்கள். அரை பைட் மறையும், ஆனால் ‘ஈச்சிலம்பற’ என்பதே ஊராக நிலைத்துவிடும். முருகன் என்பதில் கடைசிப் புள்ளி போய் ‘முருகன’ என்று நின்றால் எந்தக் கணினியும் குறை சொல்லாது, படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிதான் சொல்வார். வெட்டுவதை விட மறுப்பதே மேல். சி செயலுக்கு முகவரியோடு இடத்தின் அளவையும் கொடுங்கள். இடம் போதாவிட்டால் எத்தனை பைட் தேவை என்று அது திருப்பிச் சொல்லட்டும். சி-யின் எஸ்என்பிரிண்ட்எஃப் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பெயரைப் படியெடுக்கும் எஸ்டிஆர்என்சிபிஒய் செயலை நம்பாதீர்கள்: இடம் நிரம்பிவிட்டால் அது முடிவில் பூச்சியமே வைக்காது. சி எழுதவேண்டிய இடத்துக்கு பைதனில் கிரியேட் ஸ்டிரிங் பஃபர் பயன்படுத்துங்கள். சாதாரண பைட்ஸ் பொருளுக்குள் சி-யை எழுதவிடக் கூடாது.

வீங்குவதும் மூடிக்கொள்வதும் சொத்துத் தகராறு. சி உள்ளே மாலாக் போட்டு (நினைவகத்தில் இடம் ஒதுக்கி) ஒரு பெயரைத் திருப்பித் தருகிறது. ரெஸ்டைப் (திரும்பி வருவதன் வகை) சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 4 பைட் முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64-பிட் முகவரிக்கு 8 பைட் வேண்டும். பாதி முகவரி தற்செயலாகப் பொருந்தும் நாளில் ஓடும், மற்ற நாளில் விழும். ரெஸ்டைப்பை சி கேர் பாயின்டர் (சி ஸ்டிரிங்கின் முகவரி) என்று சொல்லியிருந்தால் விழாது, ஆனால் பைதன் ஒரு படி எடுத்துக்கொண்டு மூல முகவரியைத் தொலைத்துவிடும். விடுவிக்க வழியில்லாமல் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உங்கள் நிரலில் சில செயல்களுக்கு ரெஸ்டைப் எழுதி, சிலவற்றை விட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. ரெஸ்டைப்பை வெறும் முகவரியான வாய்ட் பாயின்டர் ஆக்கி, ஸ்டிரிங் அட் கொண்டு படி எடுத்து, பிறகு அதே டிஎல்எல்லில் நீங்கள் சேர்க்கும் ஒரு விடுவிப்புச் செயலை அழையுங்கள். பைதன் பக்கத்திலிருந்து வேறு நூலகத்தின் ஃப்ரீயை (நினைவகத்தை விடுவிக்கும் செயல்) அழைக்க வேண்டாம். விண்டோஸில் ஒவ்வொரு சி இயக்க நூலகத்துக்கும் தனித்தனி நினைவகக் குவியல் இருக்கலாம், ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் கொடுத்தால் நொறுங்கும்.

என்னைக் கேட்டால், ஒரு வாடியின் கணக்குக்கு இவ்வளவு நெருக்கமான இணைப்பே தேவையில்லை. சி நிரலைத் தனி நிரலாக ஓடவிட்டு, இரண்டு நிரல்களுக்கும் இடையிலான குழாய் வழியாக வரிக்கு ஒரு ஜேசன் (தரவை எழுதும் எளிய உரை வடிவம்) அனுப்பினால் நினைவகத் தகராறு அடியோடு போய்விடும். பைதனின் ஜேசன் நூலகம் தமிழ் எழுத்துகளை இயல்பாகவே எண் குறியீடாக மாற்றி அனுப்புவதால், விண்டோஸின் பழைய குறியாக்க அமைப்புகள் வழியில் அவற்றைக் கெடுக்க முடியாது. சி பக்கத்தில் அதைப் பிரிக்க ஒரு சிறு ஜேசன் நூலகம் போதும். வேகம் சற்றுக் குறையும். கூலர் லொறிக்கு நிறை போடுகிறவருக்கு அது தெரியாது.

நாளைக்குத் தொலைபேசிச் செயலி கேட்பார்கள், அப்போது நீளத்தில் கவனம். திருகோணமலையின் நீளம் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 10. கோ என்ற நிரல் மொழியில் 30, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. ‘20 எழுத்துக்கு மேல் கூடாது’ என்ற விதியை எழுதும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று சேர்த்தே எழுதுங்கள். சிங்களப் பெயர்களுக்கும் குறிக்கு 3 பைட்தான், ஆகவே அதே கணக்கு செல்லும்.

கடைசியாக, அந்த 32ஐ உடனே 128 ஆக்கிவிடாதீர்கள். பழைய பேரேடு நிலையான அகலப் பதிவுகளாக இருந்தால், அளவை மாற்றியதும் இரண்டாவது பதிவிலிருந்தே எல்லாம் நகர்ந்துவிடும். பழைய கோப்பை ஒருமுறை வாசித்துப் புதிய வடிவில் எழுதும் சிறு நிரல் ஒன்று வேண்டும். 32 எப்படிப் போதுமானதாக இருந்தது என்பதையும் பாருங்கள்: அந்தக் காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் ஒரு விசைக்கு ஒரு பைட், திருகோணமலை 10 பைட்டில் அடங்கியிருக்கும். அப்படியானால் கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்துகள். யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்தாலும் பிழை வராது, தமிழும் வராது. அதற்குப் பாமினி மாற்றி தனியாகத் தேவை. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை. இடையில் கட்டங்களைப் பிரிகுறியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால் பிரிகுறியாக அரைப்புள்ளியை வைக்காதீர்கள், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் ஒரு புதுக் கட்டம் முளைக்கும்.