ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காவிட்டால் திட்டுகிறார்கள்: இன்னொரு பைக்கை எப்படித்தான் முந்துவது?

கேள்வி: முன்னால் போகிற பைக்கை முந்தும்போது ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காமல் முந்தினால் திட்டுகிறார்கள். எது சரி? எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? இடது பக்கமாக முந்தலாமா?

ஹாரன் அடியுங்கள். ஆனால் அவர் காதுக்குப் பக்கத்தில் போய் அடிக்காதீர்கள். முறைக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஹாரனுக்காக முறைப்பதில்லை. தூக்கிவாரிப் போட்டதே, அதற்காக முறைக்கிறார்கள்.

நான் மெடிக்கல் ரெப். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று வாரம் முழுக்க பைக்கிலேயே சுற்றுகிற பிழைப்பு. முந்துவதும் முந்தப்படுவதும் தினசரி வேலை. அதில் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: நான் முந்திப் போன பிறகு, அந்த ஆள் தன் வண்டியில் எதையுமே மாற்றியிருக்கக் கூடாது. பிரேக்கைத் தொட்டிருக்கக் கூடாது, ஹேண்டில்பாரை ஒடித்திருக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரை விட்டிருக்கக் கூடாது. அவர் எப்படிப் போய்க்கொண்டிருந்தாரோ அப்படியே போய்க்கொண்டிருந்தால் நான் ஒழுங்காக முந்தியிருக்கிறேன் என்று அர்த்தம். மரியாதை தனி, பாதுகாப்பு தனி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஹாரனுக்கு வருவோம். ஒட்டிப்போய்ப் பக்கத்தில் அடித்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அவர் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை இழுக்கும், வண்டி வலது பக்கம் ஒரு அடி இரண்டு அடி வந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே இருப்பது நீங்கள். அதாவது, உங்கள் ஹாரனே அவரை உங்கள் மேல் கொண்டுவந்து விடுகிறது. அதையே முப்பது நாற்பது மீட்டர் பின்னாலிருந்து, சின்னதாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. வலது பக்கம் வந்தாலும் திரும்பத் தன் இடத்துக்குப் போய்விட நேரம் இருக்கிறது. அவர் ஓரமாக நேராகப் போகிறார் என்று உறுதியான பிறகுதான் நீங்கள் முந்துவதற்கு வண்டியை வலது பக்கம் வெளியே எடுக்க வேண்டும். பக்கத்தில் போய்விட்டால் அப்புறம் ஹாரனே வேண்டாம்.

பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருவதையே சிக்னல் என்று நினைக்காதீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதுமே எரிந்துகொண்டுதான் இருக்கும், அதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. ஹெட்லைட்டை ஒரு கணம் பளிச்சிட வைக்கிற பாஸ் சுவிட்சை ஒரு முறை அழுத்தினால், வண்டியில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பவருக்குப் புரியும். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் போகிற பெரியவருக்கு அதுவும் புரியாது, அவர் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்.

எக்ஸ்எல் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. எங்கள் பக்கத்தில் பால் கேன், சோளத்தட்டுக் கட்டு, தேங்காய் மூட்டை எல்லாம் போவது அதில்தான். உடுமலை பக்கம் ஒரு பேக்கரி வாசலில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பால் கேன் கட்டிய எக்ஸ்எல் ஒன்று பேக்கரிக்காக வலது பக்கம் திரும்பியது. அதே நேரம் பின்னாலிருந்து முந்த வந்த பையன் கிறீச்சென்று பிரேக் பிடித்து நின்றான். யாருக்கும் அடியில்லை. "இண்டிகேட்டர் போடத் தெரியாதா?" என்று அவன் கத்த, "கை காட்டுனேனுங்க தம்பி, நீங்கதான் பாக்கலீங்க" என்றார் அவர். பேக்கரியில் இருந்த அத்தனை பேரும் பையன் பக்கம் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலது கையை நீட்ட வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை விட்டாக வேண்டும், விட்டால் வண்டி தானாக வேகம் குறையும். அவர் வேகம் குறைந்தது, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார், பேக்கரியைப் பார்த்தார். மூன்றும் எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. முந்த வருகிறவன் இதைத்தான் பார்க்க வேண்டும், இண்டிகேட்டரை மட்டும் பார்த்தால் பாதி ரோடு தெரியாது.

இப்படி முன்னால் போகிறவரின் உடம்பைப் படிக்கப் பழகிவிட்டால் முந்துவது பாதி சுலபம். ஒரு கால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து இறங்கித் தொங்கினால் நிற்கப் போகிறார் அல்லது திரும்பப் போகிறார். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போன் செருகியிருந்தால் அவருக்கு உங்கள் ஹாரன் கேட்காது. கடைப் பலகைகளை அண்ணாந்து படித்துக்கொண்டே போகிறவர் எங்கே வேண்டுமானாலும் நிற்பார். முன்னால் குழந்தை நின்றுகொண்டிருக்கிறது, பின்னால் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த வண்டியால் சட்டென்று ஒதுங்கவே முடியாது. அதனால் இவர்கள் எல்லாருக்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும்.

எவ்வளவு இடைவெளி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இடது கையை நீட்டி, அவர் வலது கையை நீட்டினாலும் இரண்டு கையும் தொட்டுக்கொள்ளக் கூடாது. அது குறைந்தபட்சம். ஒரு பைக்கின் ஹேண்டில்பார் அகலம் முக்கால் மீட்டர் சுமார்தான், ஆனால் தட்டுக்கட்டு ஏற்றிய எக்ஸ்எல் அதைவிட இரண்டு மடங்கு அகலம் போகும். கட்டின் நுனி உங்கள் கிளட்ச் லீவரில் மாட்டினால் இரண்டு பேரும் கீழேதான். அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை ரோட்டில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓட்டியவர்களுக்கும் இது தெரியும். குழியே இல்லாத ரோட்டில் முன்னால் போகிறவர் ஆடிக்கொண்டு போகிறார் என்றால் குடித்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள், காற்றாக இருக்கும். அந்த மாதிரி நாளில் எதிர்ப்பக்கம் முழுதாகக் காலியாக இருந்தால் மட்டும் முந்துங்கள்.

காலி என்றால் எவ்வளவு காலி? கணக்கு போட்டுப் பார்ப்போம். அவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், நீங்கள் 75. வித்தியாசம் 15தான், நொடிக்கு நாலு மீட்டர் சொச்சம். அவருக்கு 15 மீட்டர் பின்னாலிருந்து 15 மீட்டர் முன்னால் போய்ச் சேர, 30 மீட்டர் அதிகமாகக் கடக்க வேண்டும். அதற்கு ஏழு நொடி ஆகும். அந்த ஏழு நொடியில் நீங்கள் ஓடும் தூரம் 150 மீட்டர். எதிரே 70 வேகத்தில் வருகிற பஸ் ஓடும் தூரம் 140 மீட்டர். ஆக, இருவழிச் சாலையில் ஒரு சாதாரண பைக்கை முந்தவே 300 மீட்டர் வெற்று ரோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு பார்த்துவிட்டு எடுக்கிறோம்? முன்வண்டியின் வால் பிடித்துக்கொண்டே வந்து சடாரென்று வெளியே எடுப்பதற்குப் பதில், கொஞ்சம் பின்தங்கி, ரோடு தெரிந்ததும் ஒரு கியர் குறைத்து எடுத்தால் எல்லாம் சீக்கிரம் முடியும்.

முந்தி முடித்ததும் உடனே இடது பக்கம் வெட்டாதீர்கள். 'கட் அடிக்கிறான்' என்று திட்டு விழுவது இதற்குத்தான். உங்கள் இடது கண்ணாடியில் அவருடைய ஹெட்லைட் முழுதாகத் தெரிந்த பிறகு உள்ளே வந்தால் போதும். வந்ததும் இண்டிகேட்டரை அணையுங்கள். பெரும்பாலான பைக்குகளில் அது தானாக அணையாது, நாலு கிலோமீட்டருக்கு வலது இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே போகிற வண்டியைப் பின்னால் வருகிறவர் என்னவென்று புரிந்துகொள்வார்?

இடது பக்கமாக முந்துவது: இருவழிச் சாலையில், முன்னால் போகிறவர் வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று காட்டிவிட்டு நடுவுக்கு வந்திருந்தால் மட்டும் சட்டப்படி சரி. மற்றபடி வேண்டாம். காரணம் சட்டம்கூட இல்லை. ஹாரன் சத்தம் கேட்டால் நம்மூர் ஆட்கள் எல்லாரும் இயல்பாகச் செய்வது இடது பக்கம் ஒதுங்கி சைடு கொடுப்பது. நீங்கள் ஹாரன் அடித்துவிட்டு இடது பக்கமே நுழைந்தால், மரியாதை தெரிந்த மனிதர் நேராக உங்கள் மேல்தான் ஒதுங்குவார். போதாததற்கு ஓரத்தில் மணல், பஸ் நிறுத்தம், தார் மேல் தார் போட்டு உயர்ந்துபோன விளிம்பு. தைப்பூசத்துக்கு முன்னால் என்றால் பழனிக்கு நடந்து போகிற பக்தர்கள் வேறு ஓரம் முழுக்க வரிசையாக இருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்தில் விதிக்குப் புறம்பாக முந்துவதையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வளைவிலும், எதிரே தெரியாத மேட்டிலும், நடுக்கோடு உடையாமல் தொடர்ச்சியாகப் போகிற இடத்திலும் முந்தக் கூடாது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லாமே முந்தியதால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மைச் சுற்றி இரும்புக் கூடு எதுவும் கிடையாது.

இரவில் செய்கிற ஒரு தப்பு பலருக்குத் தெரிவதே இல்லை. ஹை பீம் போட்டுக்கொண்டு ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால், அவருடைய நிழலே அவருக்கு முன்னால் ரோட்டில் விழும். குழி அந்த நிழலுக்குள் போய்விடும். கண்ணாடியில் வேறு வெளிச்சம் கண்ணைக் குத்தும். டிம்மில் வாருங்கள், ஒரு முறை பாஸ் லைட் அடியுங்கள், வெளியே எடுங்கள், அவருக்குச் சமமாக வந்த பிறகு எதிரே யாரும் இல்லையென்றால் ஹை பீம் போடுங்கள். அப்போது உங்கள் வெளிச்சம் அவருக்கும் உதவும்.

மலை ரோடு தனிக் கதை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் இன்னொரு பைக்கின் உள்பக்கம் நுழைவது மட்டும் கூடவே கூடாது. புதிதாக மலை ஏறுகிறவர் அந்த இடத்தில் ஏற்கெனவே கையெல்லாம் இறுகிப்போய், முதல் கியரா இரண்டாவதா என்று தடுமாறிக்கொண்டிருப்பார். இரண்டு வளைவுக்கு நடுவில் ஒரு நேர்த்துண்டு வரும், அதுவரை காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றால் முன்னால் போகிறவர் போட்டோ எடுக்க அப்படியே பிரேக் பிடிப்பார், அதையும் எதிர்பாருங்கள். இறங்கும்போது குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு: முதல் ஆள் முந்தினான் என்பதற்காக இரண்டாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போகாதீர்கள். அவன் பார்த்த 300 மீட்டர் உங்களுக்கு மிச்சமில்லை.

ஸ்கூட்டியில் போகிற பெண்களை முந்துவதைப் பற்றிக் கேள்வியில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். முந்தினால் முந்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஓட்டுவது, திரும்பித் திரும்பிப் பார்ப்பது, அவர் முந்தினால் விடாமல் மறுபடி முந்துவது, இதெல்லாம் ஓட்டுவதில் சேராது, தொந்தரவில் சேரும். துப்பட்டா சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதா, சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லையா, பக்கத்தில் போய்க் கத்தாதீர்கள். நல்லது செய்யப் போய் ஹாரனில் நடந்ததே நடக்கும். முந்தி, தூரமாகப் போய், வேகத்தைக் குறைத்துக் கையால் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, உங்களை ஒருவர் முந்தும்போது. வேகத்தைக் கூட்டாதீர்கள். முந்துகிறவரைத் தடுக்கும் விதமாக வேகம் கூட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இருந்தும் நூற்றைம்பது சிசி வண்டிக்காரனை ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் முந்தினால் உடனே கை தானாக முறுக்குகிறது. அந்த ஸ்ப்ளெண்டர்காரர் ஏழு நொடி கணக்கில் வெளியே வந்திருப்பார், நீங்கள் முறுக்கினால் அது பதினைந்து நொடியாகும், எதிரே பஸ் வரும். கையை அப்படியே வைத்திருங்கள். சிலர் முந்திவிட்டு உங்கள் முன்னாலேயே மெதுவாக உருட்டுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். நான் அப்படிப்பட்ட ஆளை மறுபடி முந்துவதில்லை. கொஞ்சம் பின்தங்கி, அடுத்து வருகிற டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.