உரித்த பூண்டு வாங்குவது குற்றமா? சமையல்கட்டுக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன. வேலைக்கு ஆள் போதவில்லை, ஆனால் சுவை குறையக் கூடாது. ஆயத்தப் பொருள் வாங்கினால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: உரித்த பூண்டு, நறுக்கிய வெங்காயம் எல்லாம் பையில் வருகின்றன. விலை அதிகம். வாங்கலாமா, நாங்களே நறுக்குவதா?

முதலில் விலையைச் சரியாக ஒப்பிடுங்கள். முழு வெங்காயத்தின் விலையையும் நறுக்கியதன் விலையையும் நேருக்கு நேர் வைப்பது தப்புக் கணக்கு. பத்துக் கிலோ வெங்காயம் வாங்கினால் தோல், வேர், கெட்டுப்போன அடுக்கு எல்லாம் போக ஒன்பது கிலோ தேறினாலே அதிகம். அந்த ஒன்பது கிலோவை உரித்து நறுக்கி, பலகையைக் கழுவி, குப்பையைக் கட்டும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். அந்த நேரத்துக்கான சம்பளத்தைச் சேர்த்து, கழிவு போக மிஞ்சிய எடையால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வெங்காயத்தின் நிஜ விலை. பல சமையல்கட்டுகளில் இந்தக் கணக்கைப் போட்டதும் உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பணம் மட்டும் கணக்கில்லை. பூண்டையோ வெங்காயத்தையோ நறுக்கினால் அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலக்கின்றன. அந்தக் கார நெடி அப்போது பிறப்பதுதான். நேரம் போகப் போக அது மாறிக்கொண்டே இருக்கும். காலையில் நறுக்கிய பச்சை வெங்காயம் இரவில் சாலட்டில் கடுப்பாக, லேசான கசப்போடு இருப்பது இதனால்தான். எனவே என் வழக்கம் இது: உரித்த முழுப் பூண்டு வாங்குவேன், நறுக்கிய பூண்டு வாங்க மாட்டேன். முழுப் பல்லில் செல்கள் உடையவில்லை, சுவை அப்படியே இருக்கிறது. நறுக்குவதற்கு அரவை இயந்திரத்தில் சில நொடி போதும். நறுக்கிய வெங்காயத்தை வதக்கும் வேலைக்கு மட்டும் வாங்குவேன், பச்சையாகப் போடுவதை அன்றன்றைக்கு நறுக்கச் சொல்வேன்.

உறைந்த நறுக்கு வெங்காயம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். வதக்கும் வேலைக்கு அது நல்ல சரக்கு. உறையும்போது பனித்துகள்கள் செல் சுவரைக் கிழித்துவிடுவதால் அது சீக்கிரம் குழையும், சீக்கிரம் சிவக்கும். நீர் அதிகம் விடும், அதனால் அகலமான பாத்திரமும் பெரிய தீயும் வேண்டும், அவ்வளவுதான்.

கத்தி வேலையைக் காசு கொடுத்து வாங்கலாம். அடுப்பு வேலையை வாங்கும்போதுதான் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வறுப்பதிலும் சிவக்க வைப்பதிலும்தான் உங்கள் கடையின் ருசி இருக்கிறது.

கேள்வி: மூன்று பேர்தான் சமைக்கிறோம். மெனுவில் நாற்பது அயிட்டம். எதையும் குறைக்க மனமில்லை. என்ன செய்வது?

குறையுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. சரி, மனமில்லை என்கிறீர்கள். அப்படியானால் மெனுவைக் குறைக்காமல் சரக்கைக் குறையுங்கள். ஒரு தாளில் குறுக்கே உணவுகளையும் நெடுக்கே பொருள்களையும் எழுதி, எந்தப் பொருள் எங்கே போகிறது என்று புள்ளி வையுங்கள். ஒரே ஒரு புள்ளி வாங்கிய பொருள்தான் உங்கள் ஃப்ரிட்ஜில் வாடிக் கிடப்பது. அதை எடுத்துவிட்டு, நான்கைந்து புள்ளி வாங்கும் பொருளை அந்த இடத்தில் வைக்க முடியுமா பாருங்கள்.

நிறையப் புள்ளி வாங்கக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது தக்காளி விழுது, அதாவது டின்னில் வரும் கெட்டிப் பேஸ்ட். இதை நேராகத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எண்ணெயில் போட்டு, செங்கல் நிறத்துக்கு வரும் வரை வதக்குங்கள். நிறம் தரும் லைகோபீன் எண்ணெயில் கரையக் கூடியது, அதனால் எண்ணெயும் சிவந்து பிரியும். பச்சை வாடை போய் இனிப்பும் ஆழமும் வரும். இந்த ஐந்து நிமிட வேலை சூப், பாஸ்தா சாஸ், இறைச்சிக் கிரேவி எல்லாவற்றுக்கும் பொது. டின்னைத் திறந்து பாதி மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள், டின்னிலேயே விட வேண்டாம்.

இரண்டாவது மயோனைஸ். இதை நான் வாங்கத்தான் சொல்வேன். கடையில் வருவது கிருமி நீக்கிய முட்டையில், அமிலத்தன்மை அளந்து செய்தது. பச்சை முட்டையில் நீங்களே செய்தால் சால்மொனெல்லா கிருமிப் பயமும் உங்களுடையது. வாங்கிய மயோனைஸில் உங்கள் கைவேலையைக் காட்டுங்கள். வறுத்த பூண்டு சேர்த்தால் ஒரு சாஸ், மிளகாய் விழுது சேர்த்தால் இன்னொன்று, ஊறுகாய் வெள்ளரியும் கடுகு விழுதும் சேர்த்தால் மூன்றாவது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, அது அடுப்பிலும் உதவும் என்பது. சாண்ட்விச் ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய்க்குப் பதில் மயோனைஸ் தடவிச் சுட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பரவும், முட்டையிலுள்ள புரதத்தால் ஒரே சீராகச் சிவக்கும். கோழித் துண்டு, மீன் துண்டு மேல் தடவி மசாலாவோடு சுட்டால் மசாலா உதிராமல் ஒட்டிக்கொள்ளும். சூடான சாஸில் மட்டும் கலந்து கொதிக்க விடாதீர்கள், திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும்.

மூன்றாவது, மெதுவாகச் சிவக்க வைத்த வெங்காயம். இது வாங்குவதல்ல, வாரம் இரண்டு முறை பெரிய அளவில் செய்து வைப்பது. முக்கால் மணி நேரமாவது ஆகும், ஆனால் கூடவே நின்று கிளற வேண்டியதில்லை. தட்டில் பரப்பி ஓவனில் வைத்தால் இடையில் இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டால் போதும். அவசரமென்றால் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, கூடினால் சிவத்தல் வேகமாகும். ஆனால் வெங்காயம் குழைந்து கூழாகிவிடும். கிரேவிக்குள் போவதற்கு அது சரி, சாண்ட்விச் மேல் வைப்பதற்கு ஆகாது.

இந்த மூன்றும் தயாராக இருந்தால், நாற்பதில் பத்துப் பதினைந்து உணவுக்கு அடிப்படை வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எலும்பு வேக வைத்து ஸ்டாக் எடுக்க நேரமில்லை. க்யூப், பவுடர் பயன்படுத்தினால் தரம் போய்விடுமா?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும். பெரும்பாலானவற்றில் முதலில் நிற்பது உப்பு. ஆகவே இதை உப்பு என்று நினைத்துப் பயன்படுத்துங்கள், ஸ்டாக் என்று நினைத்தல்ல. சூப்பில் போட்டால் தனி உப்பு கடைசியில்தான். வற்ற வைக்கும் சாஸில் போடவே போடாதீர்கள், பாதி வற்றும்போதே வாயில் வைக்க முடியாது.

வீட்டு ஸ்டாக்கின் அந்த வழவழப்பு எலும்பிலிருந்து வரும் ஜெலட்டினால் வருவது. உப்பு குறைந்த வாங்கிய ஸ்டாக்கில், லிட்டருக்குச் சுமார் 10 கிராம் ஜெலட்டின் தூளைக் குளிர்ந்த நீரில் ஊற வைத்துச் சேர்த்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, சைவ உணவில் சேர்க்கக் கூடாது என்று உதவியாளர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அஜினமோட்டோ போடாமல் அந்த ருசி வராதா? போட்டால் கெடுதலா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை.

1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியில் கொதிக்க வைத்த நீரில் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, அது குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அந்தக் குளூட்டமேட்டின் சோடியம் உப்பைத்தான், சுருக்கமாக எம்எஸ்ஜி, அடுத்த ஆண்டே அஜினமோட்டோ என்ற பெயரில் தூளாக விற்கத் தொடங்கினார்கள். இதே குளூட்டமேட் பழுத்த தக்காளியிலும் நாள்பட்ட சீஸிலும் சோயா சாஸிலும் இயற்கையாகவே இருக்கிறது.

பயம் எங்கிருந்து வந்தது? 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், சீன உணவகத்தில் சாப்பிட்டபின் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து. அதில் அவர் பல காரணங்களைச் சந்தேகித்தார், எம்எஸ்ஜி அவற்றில் ஒன்று. அது மட்டும் பிடித்துக்கொண்டது. 1987-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, இதற்குத் தினசரி உச்ச வரம்பு எண் தேவையில்லை என்று முடிவு செய்தது. இன்னொன்று, சாதாரண உப்பில் சோடியம் 39 சதவீதம், எம்எஸ்ஜியில் 12 சதவீதம்தான். உப்பில் ஒரு பகுதியைக் குறைத்து இதைச் சிறிது சேர்த்தால் மொத்த சோடியம் குறையும்.

போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போடாமல் அதே ருசி வேண்டுமென்றால் இரண்டு பொருளைச் சேர்த்துப் போடுங்கள். குளூட்டமேட் உள்ள ஒன்று, உலர் காளான் அல்லது உலர் மீன் வகையில் ஒன்று. உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ள குவானிலேட் என்ற சேர்மம் குளூட்டமேட்டோடு சேரும்போது, இரண்டையும் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு ருசி நாக்குக்குத் தெரியும். உலர் காளானைப் பொடி செய்து ஒரு டப்பாவில் வையுங்கள். வதக்கிய தக்காளி விழுதில் ஒரு தேக்கரண்டி அதைத் தூவினால் இறைச்சியே இல்லாத சாஸிலும் இறைச்சி வெந்த ஆழம் வரும். எங்கள் சமையல்கட்டில் அந்த டப்பாவுக்கு ‘மந்திரப் பொடி’ என்று பேர். புதிதாக வந்த பையன் ஒருமுறை அதைக் காபித்தூள் என்று நினைத்தது தனிக்கதை.

கேள்வி: பூண்டை எண்ணெயில் மெதுவாக வேக வைத்து, பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ருசி அபாரம். எத்தனை நாள் வைக்கலாம்?

இதைப் படித்தவுடன் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பூண்டு மண்ணில் விளைவது, பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கலாம். கொதிநிலைச் சூட்டிலும் அவை சாகாது. எண்ணெய்க்குள் காற்று இல்லை, பூண்டில் அமிலம் குறைவு, அடுப்புப் பக்கம் வெதுவெதுப்பு. அவை முளைக்க இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. அவை உண்டாக்கும் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள். எண்ணெயில் போட்ட நறுக்குப் பூண்டுப் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்ததுதான் காரணம்.

செய்யவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறு அளவில் செய்யுங்கள். உடனே ஆற வைத்து 4 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வையுங்கள், நான்கு நாளில் முடித்துவிடுங்கள். அதிகம் செய்தால் ஃப்ரீசருக்குப் போகட்டும். இரவு வேலை நேரம் முழுக்க வெளியே நின்ற பாட்டில் மறுநாள் வேண்டாம்.

கேள்வி: உறைந்த காய்கறி வதக்கினால் சொதசொதவென்று ஆகிறது.

முதலில் உருக விட்டிருப்பீர்கள். உருக்காமல் நேராக, நன்கு சூடான பாத்திரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உறைய வைக்கும் முன்பே நொதிகளைச் செயலிழக்கச் செய்ய லேசாக வெந்நீர் காட்டியிருப்பார்கள், ஆகவே பாதி வேக்காடு முடிந்தது. உங்கள் வேலை ஈரத்தை விரட்டுவது மட்டும்தான்.

கேள்வி: அடிப்படை சாஸை முப்பது லிட்டர் ஒரே தடவையில் செய்தால் மூன்று நாளுக்கு ஆகும். சரிதானே?

செய்வது சரி. ஆற வைப்பதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய பானைச் சாஸை மூடி, அப்படியே குளிர் அறையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் நுரைத்துப் பொங்கி நிற்கிறது. வெளிப்பக்கம் ஜில்லென்று, நடுவில் வெதுவெதுப்பு. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு இங்கே எழுதக் கூடியதல்ல.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் உள்ள அளவை நான் கடைப்பிடிக்கிறேன்: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். முப்பது லிட்டர் ஒரே பானையில் இருந்தால் இது நடக்காது. நான்கு விரல் உயரம்கூட வராத ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறுங்கள். சாஸைக் கெட்டியாகச் செய்து, கடைசியில் தண்ணீருக்குப் பதில் ஐஸ்கட்டி சேர்த்தால் பாதி வேலை அங்கேயே முடியும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது, கை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது.

கேள்வி: எங்கள் தலைமைச் சமையல்காரர் பாக்கெட் எதையும் தொட மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வாதாடாதீர்கள். அவர் செய்ததையும் வாங்கியதையும் பெயர் போடாத கிண்ணங்களில் வைத்து, அவரையே ருசி பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும், அவற்றை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். வறுத்து அரைக்கும் மசாலாவில் பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். உரித்த பூண்டில் வித்தியாசமே தெரியாது. அந்த நேரத்தை மசாலாவுக்குக் கொடுக்கலாமே என்று அப்போது மெதுவாகப் பேச்சை எடுங்கள்.

கேள்வி: வாங்கிய சாஸ்களில் ஒவ்வாமைப் பிரச்சினை வருமா?

வரும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும், மயோனைஸில் முட்டையும் சிலவற்றில் கடுகும் இருக்கும், சில கருஞ்சாஸ்களில் நெத்திலி மீன் இருக்கும். டப்பாவிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போது லேபிள் குப்பைக்குப் போய்விடுகிறது. லேபிளைப் போனில் படமெடுத்து அச்சிட்டு சுவரில் ஒட்டுங்கள், தயாரிப்பாளர் மாறினால் படத்தையும் மாற்றுங்கள். பாத்திரத்தின் மேல் பேரும் திறந்த தேதியும் எழுதிய டேப் இருக்க வேண்டும். டேப் இல்லாத பாத்திரம் எதுவானாலும் எங்கள் சமையல்கட்டில் நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் மோந்து பார்க்கக்கூட மாட்டார்கள்.