கத்தும்வரை காத்திருக்க வேண்டாம்: முற்றிய தோல் புற்றுநோயில் கணவரை வீட்டில் பராமரிப்பது

கேள்வி: நாங்கள் மண்டூர்ப் பக்கம். கணவருக்கு 47 வயது, வேளாண்மை செய்கிறவர். குதிக்காலில் கறுப்பாக ஒன்று வந்தது. முள் குத்தின இடம் என்று விட்டுவிட்டோம். பிறகு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்றார்கள். குதிக்காலிலும் கவட்டிலும் ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது ஸ்கானில் நுரையீரலிலும் ஈரலிலும் இருக்கிறதாம். கட்டுப்படுத்தப் பார்க்கலாம், முற்றாக மாற்ற முடியாது என்று கிளினிக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கவட்டில் திரும்பவும் கட்டி வந்து உடைந்து மணக்கிறது. மோர்ஃபின் தந்திருக்கிறார்கள், பயத்தில் அவர் கத்தினால் மட்டும் கொடுக்கிறேன். அவரிடம் எதுவும் சொல்லாதே என்கிறார்கள் சொந்தக்காரர். பிள்ளைகள் தொற்றிவிடும் என்று மாமி அவருடைய கோப்பையை வேறாக வைத்திருக்கிறார். அவரோ ஆடியில் கதிர்காமத்துக்கு நடக்க நேர்த்தி வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் மோர்ஃபினில் இருந்து தொடங்குகிறேன். நோவு அடங்காத வீட்டில் மற்ற எதுவும் ஒழுங்காக நடக்காது. சாப்பாடு இறங்காது, நித்திரை வராது, மனம்விட்டுக் கதைக்கவும் முடியாது.

கத்தும்போது மட்டும் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். புற்றுநோய் நோவுக்கு மருந்து மணிக்கணக்குப்படி போக வேண்டும். சாதாரண மோர்ஃபின் பாணியோ குளிசையோ ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான் வேலை செய்யும். அதனால்தான் காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று எழுதித் தருவார்கள். இரவு பத்து மணிக்கு மட்டும் இரட்டிப்பாக எழுதியிருந்தால் அது பிழையல்ல, விடியும்வரை அவர் தூங்கட்டும் என்பதற்காகத்தான். நோவு உச்சத்துக்கு ஏறிய பிறகு கொடுத்தால் அதை இறக்குவது கஷ்டம், கூடுதல் மருந்தும் வேண்டிவரும். இடையில் திடீரென்று நோவு குத்தினால் கொடுக்க ஒரு தனி அளவு உண்டு. அது உங்கள் துண்டில் இல்லையென்றால் அடுத்த முறை கட்டாயம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நோவுக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. மோர்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்பதும் உண்மையல்ல. கடைசி நாட்களில்தான் பலருக்கு இந்த மருந்தே கிடைக்கிறது. அதனால் மரணத்தை மருந்தின் தலையில் கட்டிவிடுகிறோம். முதல் சில நாட்கள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கும், பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மோர்ஃபின் தொடங்கிய நாளிலேயே மலமிளக்கி மருந்தும் தொடங்க வேண்டும். வயிறு அடைத்துவிட்டது என்பதற்காகவே மோர்ஃபினை நிறுத்தி, நோவில் துடிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கூப்பிட்டு உலுக்கியும் எழும்பாத அளவுக்கு மயக்கமாக இருந்தால், அல்லது மூச்சு மிக மெதுவாக விட்டுவிட்டு வந்தால், அடுத்த தவணையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலையோடு பேசுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசை தந்திருந்தால் அதை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. போத்தலைப் பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி இப்படி எழுதுங்கள்: “செவ்வாய், காலை 6, மருந்து கொடுத்தது. 8.30, கட்டு மாற்றும்போது நோவு பத்தில் ஏழு, இடை மருந்து கொடுத்தது. 9.15, பத்தில் மூன்று.” கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் “சரியான நோவு டொக்டர்” என்று சொல்வதைவிட இந்தக் கொப்பியை நீட்டினால் அளவை அந்த இடத்திலேயே திருத்தித் தர அவர்களுக்குச் சுலபம்.

அடுத்தது புண். மணத்தைப் பற்றி எழுத நீங்கள் கூச்சப்பட்டிருப்பது தெரிகிறது. கூச்சப்பட எதுவும் இல்லை. உடைந்த கட்டியில் செத்த தசை சேரும், அதில் கிருமி வளரும், அதுதான் மணக்கிறது. குளிக்காததாலோ நீங்கள் கவனிக்காததாலோ வருவதல்ல. மெட்ரோனிடசோல் என்ற மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும். குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் தூவச் சொல்வார்கள், அல்லது ஜெல்லாகத் தருவார்கள். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், நீங்கள் சொல்லாமல் அவர்களுக்கு வீட்டு மணம் தெரியாது.

கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்பு நோவு மருந்து போயிருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காமல் இந்தத் தண்ணீரை ஊற்றி ஊற விடுங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, அது தானாகக் கழன்று வரட்டும். தேய்க்காமல் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். புண்ணில் படுகிற முதல் துணி, பரஃபின் பூசிய கோஸ் போல ஒட்டாததாக இருக்கட்டும், அதற்கு மேல் பஞ்சு வைத்த கோஸ். டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் வேண்டவே வேண்டாம். பரியாரியின் எண்ணெயும் இலைப் பத்தும் இந்தப் புண்ணுக்கு ஆகாது. சுடுவதோ கீறுவதோ பெரிய ஆபத்து. பகலிலும் அவரை நுளம்பு வலைக்குள் படுக்க விடுங்கள், இலையான் குந்தினால் புழு வைத்துவிடும்.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கடும் நிறத் துவாய் இரண்டு இருக்கட்டும், வெள்ளைத் துணியில் இரத்தத்தைப் பார்த்தால் அவரும் பதறுவார், பிள்ளைகளும் பதறும். கவட்டில் பெரிய இரத்தக் குழாய் போகிறது. நிற்காமல் பாய்ந்தால் அழுத்தியபடியே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். கசிவு அடிக்கடி வருகிறதென்றால், அல்லது எலும்பில் நோவு இருக்கிறதென்றால், சில தடவை மட்டும் கொடுக்கிற கதிர்ச் சிகிச்சை உதவுமா என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். அது நோயை மாற்றுவதற்கல்ல, இரத்தத்தையும் நோவையும் அடக்குவதற்கு.

கவட்டு நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கலாம். தலையணையில் உயர்த்தி வையுங்கள், தோல் வெடிக்காமல் ஈரப்பதக் கிரீம் பூசுங்கள், எண்ணெய் போட்டு இறுக்கி உருவ வேண்டாம். கால் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

சிகிச்சையைப் பற்றி ஒரு விளக்கம். நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விட்டது என்றால் நாலாம் கட்டம். 2011க்குப் பிறகு இந்த நோய்க்கு நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகள் வந்திருக்கின்றன. சிலருக்கு வருடக்கணக்கில் நோயைப் பிடித்து வைத்திருக்கின்றன, சிலருக்குக் கேட்பதில்லை. பாதத்தில் தொடங்குகிற மெலனோமாவுக்கு மற்ற வகைகளைவிடக் குறைவாகவே கேட்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விலையும் மிக அதிகம். அதனால் காணியையோ நகையையோ விற்கும் முன்பு மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இவருடைய கட்டியில் பிராஃப், கிட் மரபணுப் பரிசோதனை செய்வதில் பயன் உண்டா? இந்த மருந்து அரசாங்க வைத்தியசாலையில் கிடைக்குமா? இவருடைய உடல் நிலைக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? அந்த மருந்து ஏற்றத் தொடங்கினால் வயிற்றோட்டம், புதிய இருமல், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு எதுவந்தாலும் வீட்டில் மருந்து கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள். கடைசி ஊசிக்குச் சில மாதங்கள் கழித்தும் இவை வரலாம். பாமசியில் ‘வயிற்றோட்டக் குளிசை’ வாங்கிப் போட்டுவிட்டு இருப்பதுதான் மிக மோசம்.

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். செலவு செய்வதற்கு முன்பே போய்க் கேளுங்கள். கிராம சேவகரின் கடிதம், கிளினிக் கொப்பி, பயோப்சி ரிப்போட் எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரே பைலில் வையுங்கள்.

தொற்று விஷயம் ஒரே வரியில் முடியும்: புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், பிள்ளைகள் மடியில் இருக்கலாம், நீங்கள் பக்கத்தில் படுக்கலாம், கணவன் மனைவியாக இருக்கலாம். மாமியை ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிப்போய், தாதியின் வாயால் கேட்க வையுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது வெள்ளை உடுப்புக்காரர் சொன்னால் ஏறும். அந்தத் தனிக் கோப்பை அவரை எவ்வளவு சுட்டிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

மாமி ‘கிரந்தி’ என்று மீனையும் முட்டையையும் நிறுத்தியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், புண்ணுக்கும் உடம்புக்கும் புரதம் வேண்டும். ஆனால் வற்புறுத்த வேண்டாம். நோய் முற்றும்போது பசி குறைவது நோயின் குணம், உங்கள் கைச்சமையலில் குறையில்லை. இரண்டு கரண்டி பாற்கஞ்சி, ஒரு வாய் மீன் சொதி, அவர் கேட்கிற நேரத்தில், அவ்வளவு போதும்.

சரி, அவரிடம் சொல்வதா? என் எண்ணம்: அவருக்கு ஏற்கனவே பாதி தெரியும். தன் உடம்பு தனக்குச் சொல்லாமல் இருக்காது. எல்லாரும் மறைக்கும்போது அவர் தன் பயத்தோடு தனியாகக் கிடக்கிறார், நீங்களும் அப்படியே. ஆனால் தகவலைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் சரியில்லை. நோவு அடங்கியிருக்கிற ஒரு பின்னேரத்தில், சனம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன விளங்கியிருக்கு?” அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் கதைக்காதீர்கள். அப்புறம், “டொக்டர் சொன்னதை இன்னும் அறிய விருப்பமா, இல்லாட்டி நான் பார்த்துக்கொள்ளட்டா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள், இன்னொரு நாள் அவரே கேட்பார். நான் செத்துப்போவேனா என்று கேட்டால் “விசர்க் கதை கதைக்காதீங்க” என்று வாயை அடைக்காமல், “எனக்கும் பயமாத்தான் இருக்கு. என்ன நடந்தாலும் நான் பக்கத்தில இருப்பன், நோவில விடமாட்டன்” என்று சொல்லலாம். அந்தக் கடைசி வாக்கை நீங்கள் காப்பாற்ற முடியும், மருந்து அதற்குத்தான் இருக்கிறது. காணி உறுதி, வயல் குத்தகை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் படிப்பு பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். தெளிவாக இருக்கும்போது சொல்ல விடுங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கடுமையான வருத்தம், உங்களால் வந்ததில்லை, தொற்றாது, உங்களைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நாலும் போதும். அதேபோல, பிந்திக் கூட்டிப்போனோம் என்று நீங்கள் உங்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். பாதத்து மெலனோமாவை ஆணி, பழைய காயம், பூஞ்சை என்று மருத்துவர்களே எண்ணிவிடுவது உலகெங்கும் நடக்கிறது.

காலையில் தலையிடியோடு சத்தி, வலிப்பு, குணம் மாறுதல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் மூளையைப் பார்க்க வேண்டும். முதுகு நோவோடு கால்கள் தளர்ந்தாலோ சலம் போகாமல் நின்றாலோ அன்றைக்கே போங்கள், விடியட்டும் என்று பார்த்தால் கால்கள் திரும்ப வராமல் போகலாம். பக்கத்தில் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இருக்கிறது. படுவான்கரையில் மாரி மழைக்கு வீதி வெள்ளத்தில் மூடும், துறையில் ஓடமும் நிற்கும். ஐப்பசி தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லி, மேலதிகமாக இரண்டு கிழமைக்கு மருந்து கையிருப்பில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய பொதுச் சுகாதாரத் தாதி உண்டா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் விசாரியுங்கள்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. “ஏதாவது வேணுமா” என்று கேட்டு வருகிறவர்களிடம் வேலையாகவே கொடுங்கள்: ஒருவர் செவ்வாய் இரவு முழித்திருக்கட்டும், ஒருவர் கட்டுத்துணி அவித்துக் காயப்போடட்டும், ஒருவர் மகனைப் பள்ளியில் விடட்டும். கிழமையில் இரண்டு இரவாவது நீங்கள் முழுதாகத் தூங்க வேண்டும். தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம்.

இனி நேர்த்தி. பொத்துவில், உகந்தை தாண்டிக் காட்டு வழி நடை அவருக்கு முடியாது: வெயில், மணல், புண், நாலு மணிக்கொரு மருந்து. ஆனால் போக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். உகந்தை முருகனிடம் வாகனத்தில் போய்வரலாம், நடையைத் தம்பியோ மகனோ அவருக்காக நடக்கலாம். ஆடிவரை பார்த்திருக்காமல் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிற கிழமையிலேயே போங்கள். முதல் நாள் கட்டை மாற்றி, மருந்து, கொப்பி, மேலதிகக் கோஸ், கடும் நிறத் துவாய், பிளாஸ்கில் உப்புத் தண்ணீர் எடுத்து, பின் சீற்றில் கால் நீட்டிப் படுக்க இடம் வைத்து, வெயிலுக்கு முன் போய்ச் சேருகிற மாதிரி விடியப் புறப்படுங்கள். முந்தின கிளினிக்கில் பயணத்தைச் சொல்லி, வழியில் கொடுக்க இடை மருந்தும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.