25ஆம் ஆண்டு சீசனில் பழைய வெற்றிகளை விட்டுவிட்டுப் புதியவற்றையே போடுவது சரியா?

நாடகமும் நடனமும் போடும் ஒரு குழு தன் 25ஆம் ஆண்டைக் கொண்டாடுகிறது. பெயர் வாங்கிக் கொடுத்த பழைய படைப்புகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. சீசன் முழுக்கப் புதிய, துணிச்சலான படைப்புகள்தான் என்று அறிவித்துவிட்டார்கள். இது புத்திசாலித்தனமா, ரசிகர்கள் சீசன் டிக்கெட்டை மொத்தமாக வாங்கலாமா என்பது கேள்வி.

சரியான முடிவு என்றுதான் சொல்வேன். ஆனால் அறிவிப்பில் "முதல் மேடையேற்றம்" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து மயங்க வேண்டாம். புதிய படைப்புக்கு முதல் மேடை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை, ஆண்டு விழா என்றால் இன்னும் சுலபம். இரண்டாவது மேடைதான் கிடைக்காது. நான் மேடைக்குப் பின்னால் ஸ்டேஜ் மேனேஜராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல படைப்புகள் நான்கு காட்சியோடு மூட்டை கட்டப்பட்டுப் போனதை நிறையப் பார்த்தாயிற்று.

முதலில் ஏன் சரி என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆண்டில் ஒரு குழு ஒரே ஒரு புதிய படைப்பைப் போடும். அது விழுந்தால் தாங்கிக்கொள்ள, அரங்கை நிரப்பும் பழைய படைப்பு இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஆண்டு விழா வருஷத்தில் கணக்கு மாறுகிறது. புரவலர்கள் கொஞ்சம் தாராளமாகக் கையெழுத்துப் போடுவார்கள். பத்திரிகைகள் தானாக எழுதும். பத்து வருஷமாக வராத பழைய ரசிகர்கூட ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். தோற்றால் குறைவாக அடிபடும் வருஷம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதைப் பழைய வெற்றியை மறுபடி போடச் செலவழிப்பது எனக்கு வீணாகப் படுகிறது. பழைய வெற்றிக்கு எந்த வருஷமும் கூட்டம் வரும்.

இன்னொன்று, பழையதை எடுப்பது மலிவு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் ஆடியவர்களில் பாதிப் பேர் குழுவில் இருக்கமாட்டார்கள். மேடைப் பொருட்களை யாரோ எப்போதோ பிரித்து வேறு நாடகத்துக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். கையில் இருப்பது அரங்கின் கடைசி வரிசையிலிருந்து எடுத்த மங்கலான வீடியோ. அதில் முக்கியமான இடத்தில் யாருடைய தலையாவது மறைக்கும். அந்தக் காட்சியில் நின்றவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று மூன்று பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு மாலை முழுக்கச் சண்டை போடுவார்கள். நான் எந்தப் பக்கமும் சேராமல் டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆண்டு விழாவுக்குப் புதியதைக் கேட்டு வாங்குவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1881இல் தொடங்கியது. 1930-31இல் பொன்விழா வந்தபோது அதன் இசை இயக்குநர் கூசெவிட்ஸ்கி, அன்று உயிரோடு இருந்த பெரிய இசையமைப்பாளர்கள் பலரிடம் புதிய படைப்புகள் கேட்டார். ஸ்ட்ராவின்ஸ்கி கொடுத்தது "சிம்பொனி ஆஃப் சாம்ஸ்". பைபிளின் சங்கீதங்களைப் பாடகர் குழு லத்தீனில் பாடும். கூட வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் வயலினும் கிடையாது, வயோலாவும் கிடையாது. அதாவது மேடையில் அதிக நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஆட்களுக்கே தங்கள் பொன்விழாப் படைப்பில் வேலை இல்லை. ஹிண்டெமித் நேர்மாறாகச் செய்தார். அவர் எழுதியது தந்திக் கருவிகளுக்கும் பித்தளைக் காற்றுக் கருவிகளுக்கும் மட்டும், புல்லாங்குழல் வகையறா மொத்தமும் வெளியே. விழாக் குழுவில் இருந்தவர்கள் இந்தக் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஸ்ட்ராவின்ஸ்கி படைப்பு பாஸ்டனில் முதலில் அரங்கேறவும் இல்லை. 1930 டிசம்பர் 13 அன்று பிரஸ்ஸல்ஸில் வாசித்துவிட்டார்கள், பாஸ்டனுக்கு வந்தது 19ஆம் தேதி. ஆறு நாள் பிந்திவிட்டது என்று இன்று யாராவது கவலைப்படுகிறார்களா? அந்தச் சீசனில் வந்த இன்னொன்று புரோகோஃபியெவின் நான்காம் சிம்பொனி. வரவேற்பு சுமாராகத்தான் இருந்தது. அவர் அதை விட்டுவிடவில்லை, 1947இல் மறுபடி எடுத்துப் பெரிதாக விரித்து எழுதினார். இன்று இரண்டு வடிவமும் தனித்தனிப் படைப்பு எண்ணோடு இருக்கின்றன. முதல் இரவில் எடுபடாத ஒன்றுக்கு 17 வருஷம் கழித்து இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்பதுதான் இதில் என்னை இழுப்பது. நம் குழுக்களில் முதல் இரவில் எடுபடாததற்கு 17 நாள்கூடக் கிடைக்காது.

எண்ணிக்கை விஷயத்துக்கு நியூயார்க் சிட்டி பாலே நல்ல உதாரணம். அது குழுவின் ஆண்டு விழா இல்லை, ஸ்ட்ராவின்ஸ்கியின் 90ஆவது பிறந்தநாளை ஒட்டி 1972 ஜூனில் நடந்த ஒரு வார விழா. அவர் முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். ஜூன் 18 முதல் 25 வரை முப்பது பாலேக்களுக்கு மேல் போட்டார்கள், அதில் இருபதுக்கு மேல் புத்தம் புதியவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரை இன்று ஆராய்ச்சிக்காரர்கள் தவிர யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் "ஸ்ட்ராவின்ஸ்கி வயலின் கான்செர்ட்டோ", "சிம்பொனி இன் த்ரீ மூவ்மென்ட்ஸ்" இரண்டையும் குழுவின் நடன அமைப்பாளர் பாலன்சின் அந்த முதல் இரவிலேயே மேடையேற்றினார். இரண்டும் இன்றுவரை ஆடப்படுகின்றன. ஒரே வாரத்தில் அத்தனை போட்டு ஒரு கைப்பிடி தங்கியதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். தங்கியது எது என்று கண்டுபிடித்து, அதை அடுத்த சீசனிலும் அதற்கடுத்ததிலும் விடாமல் போட்டார்களே, அந்த வேலைதான் பெரியது.

அந்த விழாவின் கடைசி இரவு எதில் முடிந்தது தெரியுமா? "சிம்பொனி ஆஃப் சாம்ஸ்"தான். ஆட்டக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து கேட்டார்கள். பாஸ்டன் தன் பொன்விழாவுக்குக் கேட்டு வாங்கியது, 42 வருஷம் கழித்து வேறொரு குழுவின் விழாவுக்கு முத்தாய்ப்பு ஆனது. அப்புறம் பார்வையாளர்களுக்கு வோட்கா கொடுத்தார்கள் என்பது கூடுதல் தகவல்.

"துணிச்சல்" என்ற சொல்லுக்கு வருகிறேன். விளம்பரத்தில் அது ரொம்ப மலிவாகிவிட்டது. மெர்ஸ் கன்னிங்ஹாம் தன் நடனக் குழுவின் 50ஆம் ஆண்டில், 2003 அக்டோபரில், புரூக்ளினில் "ஸ்ப்ளிட் சைட்ஸ்" என்ற புதிய படைப்பைப் போட்டார். அப்போது அவருக்கு வயது 84. இரண்டு நடனப் பகுதிகள், இரண்டு இசை, இரண்டு பின்திரை, இரண்டு உடைத் தொகுதி, இரண்டு ஒளியமைப்பு. ஒவ்வொன்றிலும் எது முதலில், எது அடுத்தது என்பதைப் பார்வையாளர்கள் முன்னால் பகடை உருட்டித் தீர்மானித்தார்கள். கணக்குப் போட்டால் 32 விதமாக வரலாம். இசைக்கு வந்தவர்கள் ரேடியோஹெட், சிகுர் ரோஸ் என்ற இரண்டு ராக் குழுக்கள், அரங்கேற்றத்தன்று நேரடியாகவே வாசித்தார்கள்.

இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழுவின் ஸ்டேஜ் மேனேஜர் ஞாபகம்தான் வரும். பகடை விழுந்த பிறகுதான் எந்தத் திரை, எந்த உடை, எந்த விளக்கு என்று தெரியும், உடனே ஆரம்பிக்க வேண்டும்! ஆனால் கூர்ந்து பாருங்கள். ஆட்டத்துக்குள் எதுவும் பகடையில் இல்லை. நடனப் பகுதி இரண்டும் அடி பிசகாமல் ஒத்திகை பார்த்தவை. கன்னிங்ஹாமின் ஆட்டக்காரர்கள் இசையைப் பிடித்துக்கொண்டு ஆடுபவர்களும் இல்லை, அசைவின் நேரம் அவர்கள் உடம்பிலேயே இருக்கும். அத்தனை இறுக்கமான தயாரிப்பு இருந்ததால்தான் வரிசையைப் பகடையிடம் விட முடிந்தது. தயாரிப்பு இல்லாமல் விடுவதற்குப் பெயர் வேறு.

சரி, புதிய படைப்பு மேடைக்குப் பின்னால் எப்படி நடக்கும் என்று சொன்னால் விஷயம் விளங்கும். பழைய படைப்பு என்றால் என் கையில் ஒரு பிரதி இருக்கும். ஓரத்தில் பென்சிலால் விளக்கு மாற்றம், ஒலி, நுழைவு எல்லாம் எண் போட்டிருக்கும், ஒவ்வொன்றையும் க்யூ என்போம். புதிய படைப்பில் அந்த ஓரம் காலி. நடிகர் எங்கே நிற்பார் என்று முடிவாகாமல் ஒளியமைப்பாளர் விளக்கைக் குறிவைக்க முடியாது. நிற்கும் இடத்தை இயக்குநர் கடைசி வாரம் வரை மாற்றிக்கொண்டே இருப்பார். 12ஆம் க்யூவுக்கும் 13க்கும் நடுவில் ஒன்று நுழையும், அது 12.5 ஆகும். அதற்குள் இன்னொன்று நுழைந்தால் 12.7. ஒரே ஒத்திகை அறையில் மூன்று புதிய படைப்புகள் மாறி மாறி நடந்தால் தரையில் சிவப்பு, மஞ்சள், நீல டேப் ஒட்டிக் குறி வைப்போம். இரண்டாவது வாரத்தில் மஞ்சள் எந்தப் படைப்புக்கு என்று ஆட்டக்காரர்களே குழம்பி, ஒருத்தர் வேறு நாடகத்தின் கதவுக்கு நேராகப் போய் நிற்பார்.

இந்த நேரத்தைச் சுருக்க வழியே இல்லை. 1966இல் பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் கணக்காகக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே பொருளைக் குறைந்த ஆட்கள் குறைந்த நேரத்தில் செய்துவிடலாம். நான்கு பேர் வாசிக்க எழுதிய இசைக்கு என்றைக்கும் நான்கு பேர் வேண்டும், அத்தனை நிமிடமும் வேண்டும். மற்ற துறைகளில் சம்பளம் ஏற ஏற, கலைக்குழுவின் செலவு மட்டும் வருமானத்தை முந்திக்கொண்டே போகும். ஆறு புதிய படைப்பு அறிவித்த குழுவிடம் இரண்டுக்கு ஆகிற ஒத்திகை நாட்கள்தான் இருக்கிறது என்றால் ஆறுமே அரைவேக்காடாகத்தான் வரும். எனவே குழுவில் யாரையாவது தெரிந்தால், எத்தனை புதியவை என்று கேட்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் மேடையிலேயே ஒத்திகை பார்க்க எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

சில குழுக்களுக்குப் புதிய படைப்பு கொண்டாட்டம்கூட இல்லை, பிழைப்பு. நடன அமைப்பாளர் பீனா பாவுஷ் 1973இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் பொறுப்பேற்று வளர்த்த குழு, 2009இல் அவர் இறந்த பிறகு அவருடைய படைப்புகளையே ஆடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஆள் அழைத்து முழுநீளப் புதிய படைப்பு செய்ய 2018 வரை ஆனது. கன்னிங்ஹாம் குழு எதிர்ப்பக்கம் போனது. அவரும் அதே 2009இல் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே திட்டமிட்டபடி கடைசியாக ஓர் உலகச் சுற்றுப் பயணம் போய், 2011 டிசம்பர் 31 அன்று குழுவையே கலைத்துவிட்டார்கள். இரண்டில் எது சரி என்று எனக்கு ஒரு முடிவு கிடையாது.

இரண்டாவது மேடையை முன்கூட்டியே யோசித்தவர்கள் என்று நான் சொல்வது குரோனோஸ் குவார்ட்டெட்டை. 1973இல் தொடங்கிய நால்வர் இசைக்குழு. 2015இல் "ஃபிஃப்டி ஃபார் தி ஃபியூச்சர்" என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். 50 புதிய படைப்புகள், எழுதியவர்களில் பாதிப் பேர் பெண்கள், பாதிப் பேர் ஆண்கள். முக்கியமானது, இசைக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள், இளம் குழுக்கள் எடுத்து வாசிக்கட்டும் என்று. அப்புறம் இவர்கள் வாசிக்காவிட்டாலும் யாரோ எங்கோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். நாடக, நடனக் குழுக்கள் அப்படியே இதைச் செய்ய முடியாதுதான். ஆனால் பிரதியை அச்சிடுவது, ஒழுங்கான வீடியோ எடுத்து வைப்பது, இன்னொரு குழுவுக்கு மேடையேற்றும் உரிமை கொடுப்பது, அடுத்த சீசன் பட்டியலில் ஒரே ஓர் இடத்தை இப்போதே காலியாக விட்டு வைப்பது, இதெல்லாம் முடியும். விழா பட்ஜெட்டில் மலர் அலங்காரத்துக்கு ஆகும் அளவுக்குக்கூட ஆகாது.

டிக்கெட் விஷயம். மொத்த சீசனுக்கும் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். அறிவிப்புக் கையேட்டில் இருக்கும் வருணனையை நம்பித் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அது அச்சுக்குப் போகும்போது பெரும்பாலும் படைப்பே இருக்காது. இயக்குநர் போனில் சொன்ன இரண்டு வரியை அலுவலகத்தில் யாரோ ஒரு பத்தியாக ஊதியிருப்பார்கள். பாவுஷ் இந்த வம்பே வேண்டாம் என்று முதல் காட்சிகளை வெறும் "புதிய படைப்பு" என்று அறிவிப்பார், பெயர் பிறகுதான் வரும். அதனால் வருணனையை விட்டுவிட்டு யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். முன்பு பிடித்த ஒருவருடையது ஒன்று, பெயரே கேள்விப்படாதவருடையது ஒன்று, இப்படி எடுங்கள். முதல் நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அரங்கில் பாதி சொந்தக்காரர்கள், மீதி பேச்சாளர்கள், பொன்னாடை முடியவே முக்கால் மணி நேரம். மூன்றாவது அல்லது நான்காவது காட்சிக்குப் போங்கள், 12.7 எல்லாம் அதற்குள் ஒழுங்காகியிருக்கும். பிடித்திருந்தால் வெளியே வரும்போது டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவரிடம் "இது அடுத்த வருஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டால் விஷயம் நிச்சயம் அலுவலகத்துக்கு வரும், நானே அதை மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன்.